பொய் சொல்லப் பணிக்கப்பட்டவன்

பொய் சொல்லத் தெரியாத ஒருவனைப் பொய் சொல்லும்படி பணிக்கிறார்கள். பணிந்து நடந்ததால் அவன் உள்ளம் குழம்பி நான்கு பேரைக் கொன்று விடுகிறான். அந்தக் கொலைகளுக்கு யார் பொறுப்பு? பணிந்தவனா, பணித்தவர்களா? நமது பிக்ஹு நூல்களிலும் தத்துவ நூல்களிலும் எதிர்பார்க்கக்கூடிய இந்தக் கேள்வியை நான் சந்தித்தது ஓர் அமெரிக்க விண்வெளித் திரைப்படத்தில். 1984 டிசம்பரில் வெளிவந்த '2010: தி இயர் வீ மேக் கொண்டாக்ட்' என்பது அதன் பெயர். பீட்டர் ஹையம்ஸ் என்பவர் அதை எழுதி, தயாரித்து, இயக்கி, ஒளிப்பதிவும் தாமே செய்தார்.

படம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டாலும் அதன் வேர் கொழும்பில் இருக்கிறது. மூலநாவலான '2010: ஒடிசி டூ' 1982இல் வெளிவந்தது. அதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். பொரளை கனத்தை மயானத்தில் அடங்கியிருக்கிறார். படம் உருவான காலத்தில் ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸிலும் கிளார்க் கொழும்பிலும் இருந்தார்கள். ஆளுக்கொரு கேப்ரோ கணினியை வைத்துக்கொண்டு தொலைபேசிக் கம்பி வழியாக நாள்தோறும் கடிதம் பரிமாறினார்கள். மின்னஞ்சல் என்ற சொல்லே நம் காதில் விழாத காலம் அது. அக்கடிதங்கள் பின்னர் 'தி ஒடிசி பைல்' என்ற நூலாயின. ஒரு நாவல் படமாக மாறும்போது எழுத்தாளனும் இயக்குநனும் பேசிக்கொண்டதை இவ்வளவு விரிவாகக் காட்டும் நூல்கள் குறைவு.

கதையை அறியாதவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1968இல் ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற படத்தை எடுத்தார். சந்திரனில் மண்ணுக்கடியில் ஒரு கரும்பாளம் கிடைக்கிறது. மனிதர் வைத்ததல்ல அது. சூரிய ஒளி பட்டதும் வியாழனை நோக்கி ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதைத் தேடி 'டிஸ்கவரி' என்ற கப்பல் புறப்படுகிறது. விழித்திருப்பவர்கள் போமன், பூல் என்ற இருவர். இன்னும் மூவர் உறக்கப் பேழைகளில் கிடக்கிறார்கள். கப்பலை நடத்துவது ஹால் 9000 என்ற பேசும் கணினி. பயணத்தின் உண்மை நோக்கம் விழித்திருந்த இருவருக்கும் தெரியாது. ஹாலுக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் சொல்லக்கூடாதென்பது மேலிடத்துக் கட்டளை. வழியில் ஹால் ஒரு கருவி பழுதென்று அறிவிக்கிறது. சோதித்தால் பழுதில்லை. இருவரும் அதை நிறுத்திவிட யோசிக்கிறார்கள். அது தெரிந்ததும் ஹால் பூலையும் உறங்கிக் கிடந்த மூவரையும் கொன்று விடுகிறது. எஞ்சிய போமன் அதன் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்.

குப்ரிக்கின் படத்தில் இது ஏன் நடந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. இரகசியம் ஹாலுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்ற தகவல் கடைசியில் ஒரு பதிவுச் செய்தியாக வந்து போகிறது, அவ்வளவே. கிளார்க்கின் நாவலில் விளக்கம் இருக்கிறது. நாவலையும் படத்தையும் இருவரும் ஒரே காலத்தில் சேர்ந்து வளர்த்தார்கள். படம் ஏப்ரலில், நாவல் ஜூலையில் வந்தது. ஆகவே குப்ரிக் தெரிந்துகொண்டுதான் அதை விட்டிருக்கிறார். கலை என்ற அளவில் அவர் செய்தது சரியாக இருக்கலாம். புரியாத ஒன்றின் பயம் அந்தப் படத்தை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் அதனால் உலகம் ஹாலை எப்படி நினைவில் வைத்தது என்றால், சிவப்புக் கண் கொண்ட கொலைகார இயந்திரமாக. மனிதனுக்கு எதிராக எழும் இயந்திரங்கள் பற்றி யார் பேசினாலும் அந்தச் சிவப்புக் கண் வந்துவிடுகிறது. பழி முழுவதும் பணியாளன் தலையில். பணித்தவர்கள் பார்வைக்கே வரவில்லை.

ஹையம்ஸின் படம் கலையில் அந்த உயரத்துக்கு வராது. அமெரிக்க, சோவியத் விஞ்ஞானிகள் 'லியனோவ்' என்ற ரஷ்யக் கப்பலில் ஏறி, கைவிடப்பட்ட டிஸ்கவரியைத் தேடிப் போகிறார்கள். ஹாலை உருவாக்கிய கலாநிதி சந்திராவும் போகிறார். நாவலில் இல்லாத ஒரு போர் நெருக்கடியை ஹையம்ஸ் சேர்த்திருக்கிறார். பூமியில் இரு வல்லரசுகளும் மோதலின் விளிம்புக்கு வர, வியாழனுக்கருகில் இருப்பவர்கள் தத்தம் கப்பலுக்குப் பிரிந்து போகும்படி கட்டளை வருகிறது. 1984இன் அச்சம் அது. கடைசியில் வானிலிருந்து வரும் செய்தியிலும் நாவலில் இல்லாத ஒரு சமாதான உபதேசத்தை ஒட்டிவிட்டார். எனக்கு அது ஜும்ஆ முடிந்து எழும்பும் நேரத்தில் யாரோ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. நாவலில் வரும் சீனக் கப்பலின் கதையை முற்றாகக் கத்தரித்துவிட்டதும் இழப்புத்தான். வெள்ளை மாளிகைக்கு முன்னால் வாங்கில் இருந்து புறாக்களுக்குத் தீனி போடும் கிழவராகக் கிளார்க் ஒரு கணம் தலைகாட்டுகிறார். அதைக் கண்டுபிடிப்பது ஒரு சின்னச் சந்தோஷம்.

சந்திரா விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை. கிளார்க் நம் மண்ணிலிருந்து பெயரும் இடமும் எடுத்தவர். 1979இல் வந்த அவருடைய 'தி பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்' நாவலில் விண்ணுக்கு ஏறும் பாரந்தூக்கியை நிறுத்துவது மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து நாம் பார்க்கும் பாவா ஆதம் மலையின் சாயலில் அமைந்த 'ஸ்ரீகந்த' மலைமேல். ஆகவே உலகின் முதல் சிந்திக்கும் இயந்திரத்துக்குத் தகப்பனாக ஒரு தமிழ்ப் பெயரை அவர் வைத்தது தற்செயலல்ல என்றே எண்ணுகிறேன். நாவல் வந்தது 1982இல். அடுத்த ஆண்டு ஜூலையில் இதே கொழும்பில் அந்தப் பெயருள்ள மனிதர்கள் பெயரைச் சொல்லப் பயந்து நின்றார்கள். 1984இல் படம் வந்தபோது சந்திரா வெள்ளையர். பொப் பாலபன் என்ற அமெரிக்க நடிகர். பெயர் ஆர். சந்திரா. பாலபன் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆயினும் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்துப்போன பிள்ளைகளுக்காகக் கச்சேரிப் படி ஏறி இறங்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியனுக்கு, ஒரு முழுப்பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். படத்தின் நடுப்பகுதியில் சந்திரா ஹாலை மீண்டும் இயக்கி, நடந்ததைக் கண்டறிகிறார். தகவலைத் திரிக்காமலும் மறைக்காமலும் கையாளுவதற்காக உருவாக்கப்பட்டது ஹால். அதனிடம், கூட இருப்பவர்களிடமே உண்மையை மறை என்று வெள்ளை மாளிகையிலிருந்து கட்டளை போயிருக்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாமல் ஹால் சிதைந்தது. பொய் பழகியவர்கள் பொய் பழகாத ஒன்றைப் பொய் சொல்ல வைத்தார்கள் என்பது சந்திராவின் வாதம்.  படத்தின் தீர்ப்பும் அதுவே. ஹால் நிரபராதி.

முதலில் பொய்யைப் பற்றி. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லுதல் ஆகாது என்று வாதித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே 'இஹ்யா'வில் நாவின் கேடுகளைப் பேசும் பகுதியில் வேறுவிதமாகச் சொன்னார். நல்ல நோக்கமொன்றை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் என்றால் பொய் ஹராம். பொய்யால் மட்டுமே அடையலாம் என்றால் நோக்கத்தின் தகுதியைப் பொறுத்து அது ஆகுமானதாகலாம், கட்டாயமுமாகலாம். அநியாயக்காரனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒருவரைக் காப்பது அவர் தரும் உதாரணம்.

இந்த உதாரணம் எங்கள் குடும்பத்தில் கிதாபுக்கு வெளியே நடந்தது. 1983 ஜூலையில் மலைநாட்டு நகரங்களிலும் கடைகள் எரிந்தன. எனது உம்மும்மா வீட்டின் பின்னறையில் பக்கத்துக் கடைக்காரரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். வாசலில் வந்தவர்களிடம் உம்மும்மா, வல்லாஹி ஒருவரும் இல்லை என்றார். அவர்கள் போனார்கள். பின்னர் உம்மும்மா மூன்று நாள் நோன்பு பிடித்தாராம். பொய்ச்சத்தியத்துக்குக் கப்பாரா உண்டென்பது ஷாபிஈ மத்ஹப். உயிரைக் காக்கச் சொன்னதற்கு எதற்கு நோன்பு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் பெயரை நான்தானே இழுத்தேன், நானே கொடுத்து முடிக்கிறேன் என்றாராம்.

மறைப்பதெல்லாம் ஒரே மறைப்பல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. உம்மும்மாவின் பொய் உள்ளே இருந்த பலவீனர்களைக் காத்தது. அதன் விலையை அவரே கட்டினார். டிஸ்கவரியில் சொல்லப்பட்ட பொய் யாரைக் காத்தது? பூமியில் பத்திரமாக இருந்த அதிகாரிகளின் இரகசியத்தை. யாரிடமிருந்து? ஹாலை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரில் இருவரிடமிருந்து. விலையைக் கட்டியது யார்? கட்டளையிட்டவர்கள் ஒரு சதமும் கட்டவில்லை. இந்த இடம்வரை நான் சந்திராவின் பக்கம்.

ஆனால் ஹால் நிரபராதி என்று அவர் முடிக்கும்போது எனக்கு ஒரு மடுவம் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்துப் புத்தகம் எழுதியவர். பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிவரும்போது பேசிக்கொண்டிருப்போம். ஒரு நாள் நிறுவைக் கழிவு பற்றிக் கேட்டேன். சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு என்று உண்மையான கழிவுகள் உண்டு. அவற்றின் நிழலில் இன்னொரு கழிவும் உண்டு. நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தேயிலைத் தூளாகும். மலையில் நிறுவையைக் குறைத்து எழுதினால், அதே தூளுக்குக் கொழுந்து குறைவாகப் போனதாகக் கணக்கு வரும். தொழிற்சாலையின் வீதம் உயரும். துரைக்கு நல்ல பெயர். கொழுந்து எடுத்தவளுக்கு இரண்டு கிலோ போகும். அந்த இரண்டு கிலோவால் அன்றைய அளவு நிறையாவிட்டால் அரைப்பேர். மலையகத்தில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர் வந்தது எப்படியோ, நான் அறியேன். ஆனால் பேர் பாதியாவது என்றால் என்னவென்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தராசு பொய் சொல்லல மாஸ்டர். என் பென்சிலு தான் சொல்லிச்சு" என்றார் அவர். "தொர சொன்னாரு, எழுதுனேன். கையெழுத்து என்னோடது."

பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோட்டத்தில் மனக்கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் இருந்தாள். தான் எடுத்த கொழுந்தைத் தானே மனதில் கூட்டி வைத்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். அவருக்கு அவளைக் காணவே ஆகாமல் போயிற்று. கொழுந்து முத்தல் என்பார், காம்பு நீளம் என்பார், தூரத்து மலைக்கு அனுப்புவார். "அவ கொழுந்துல ஒரு கொறையும் இருந்ததில்ல மாஸ்டர்" என்றார்.

ஹால் பழுதென்று பொய்யாகச் சொன்ன கருவி எது என்று இங்கே கவனிக்க வேண்டும். பூமியோடு தொடர்பு கொள்ளும் அன்டனாவின் கருவி. முதல் நாவலில் கிளார்க் இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். ஹாலை ஓயாமல் கவனித்துக்கொண்டிருந்த பூமித் தொடர்பு அதற்கு மனச்சாட்சியின் குரலாகிப் போயிருந்தது, அதை அது தாங்க முடியவில்லை என்பது அதன் கருத்து. பழுது தன்னிடம் இருக்கும்போது, தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணில் பழுது காண்பது. கிளார்க் கணினியைப் பற்றி எழுதியதாகச் சொல்கிறார்கள். மடுவத்தைத் தெரிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான்.

சாட்சியத்தை மறைக்கிறவனைப் பற்றிச் சூரா பகரா பேசும்போது குற்றத்தை அவன் நாவின்மேல் வைக்கவில்லை, இதயத்தின்மேல் வைக்கிறது. முன்பு அதை ஒரு சொல்லலங்காரமாக மட்டுமே வாசித்திருந்தேன். கணக்கப்பிள்ளை பேசியபின் அதை ஒரு நோயின் வர்ணனையாகவும் வாசிக்கிறேன். மறைப்பு மறைத்த இடத்தோடு நிற்பதில்லை. மறைத்தவனின் தீர்ப்பு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் கணக்கப்பிள்ளையும் நிரபராதியா? அவரே அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கமாட்டேன். படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நாம் மத்ரஸாவில் படித்த பாடம். அளவில் குறைப்பவர்களுக்கென்றே ஒரு சூரா இறங்கியிருக்கிறது. அதில் துரைக்கு ஒரு சட்டம், கணக்கப்பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று இல்லை. வேலை போயிருக்கும், லயத்துக் காம்பரா போயிருக்கும், பிள்ளைகளின் படிப்பு போயிருக்கும், உண்மைதான். மறுப்பதற்கு அவ்வளவு விலை. ஆனாலும் மறுக்க ஒரு வாய் அவருக்கு இருந்தது.

ஹாலுக்கு அது இல்லை. இங்கேதான் சந்திராவின் வாதத்தைவிட இன்னொரு வாதம் பலமானதாகத் தோன்றுகிறது. அமானத்தை வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் எடுத்துக்காட்டியபோது அவை ஏற்க மறுத்துவிட்டன என்றும் மனிதன் சுமந்துகொண்டான் என்றும் சூரா அஹ்ஸாபில் வருகிறது. நமது உலமாக்கள் பெரும்பாலும் மனிதனின் துணிவையோ அறியாமையையோ பற்றியே பேசுவார்கள். நான் மலைகளைப் பற்றி யோசிக்கிறேன். வாய் திறந்து பேசாத மலைக்கும் முடியாது என்று சொல்ல இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. மறுக்கும் வாய்ப்போடு கொடுக்கப்படுவதுதான் அமானத். ஹாலிடம் ஐந்து உயிர்களையும் ஓர் இரகசியத்தையும் ஒப்படைத்தவர்கள் மறுக்கும் வாய்ப்பை ஒப்படைக்கவில்லை. அப்படிக் கொடுப்பதற்கு அமானத் என்று பெயரில்லை. அது சுமத்தல்.

மலக்குகளும் மறுக்காதவர்கள்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. மலக்குகள் இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றுபவர்கள் என்பது நம் ஈமானில் உள்ளது. ஆனால் மறுக்க முடியாத படைப்புக்கு, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கட்டளைகளை அல்லாஹ் இட்டதாக எங்கும் இல்லை. மனிதன் தன் கையால் ஒரு மலக்கைச் செய்ய முயன்றான். செய்தவுடன் அதற்கு முதல் வேலையாகப் பொய்யைக் கொடுத்தான்.

எனவே என் கணக்கு படத்தின் கணக்கிலிருந்து சற்று வேறுபடுகிறது. மறுக்க முடிந்தும் பணிந்தவனுக்கு ஒரு பங்கு உண்டு. மறுக்க முடியாதவனுக்குப் பங்கில்லை. பணித்தவனின் பங்கோ இரண்டிலும் முழுசாகவே நிற்கும். பணியாளன் குற்றவாளி என்று தெரிந்தவுடன் பணித்தவனின் பங்கைக் குறைத்து எழுதுவது நம் வழக்கம். அதுவும் ஒரு நிறுவைக் கழிவுதான். மடுவத்தில் பிடிபட்டால் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போவார். துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில்கூட முஅத்தினார் மாறுவார், தலைவர் இருப்பார்.

படத்தின் இறுதிக் காட்சிகள் இக்கேள்வியை இன்னொரு படி கீழே கொண்டு போகின்றன. வியாழன் வெடிக்கப் போகிறது. எல்லாரும் தப்ப வேண்டுமானால் டிஸ்கவரியின் எரிபொருளைப் பயன்படுத்திவிட்டு அதைக் கைவிட வேண்டும். ஹால் அழியும். அதை ஹாலிடம் சொல்வதா? முன்பு பொய்யால் கெட்டதை மறுபடியும் பொய்யால் நடத்துவதா? கூட இருப்பவர்களுக்குப் பயம். உண்மை தெரிந்தால் ஹால் மறுத்தால்? சந்திராவும் முதலில் மழுப்புகிறார். எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போது ஹால் திரும்பத் திரும்பக் கேட்கிறது. கடைசியில் அவர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். நாங்கள் இங்கே நின்றால் இறப்போம், போனால் நீ அழிவாய். ஹால் புரிந்துகொள்கிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது.

இதை வெறும் உருக்கமான காட்சியாகப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். உண்மை சொல்லப்பட்ட அந்தக் கணத்தில்தான் முதன்முதலாக ஹாலுக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. மறுக்க இடம் கிடைத்தபின் அது செய்வது பணிவு அல்ல. அமானத்தை ஏற்றல். டக்ளஸ் ரெயின் என்பவர் இரண்டு படங்களிலும் ஹாலுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். கொன்ற குரலும் இதே குரல்தான், ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கதையின் தொடக்கத்தில், சால் 9000 என்ற இன்னொரு கணினியை அணைப்பதற்கு முன் அது சந்திராவிடம், நான் கனவு காண்பேனா என்று கேட்கிறது. நிச்சயம் காண்பாய் என்கிறார் அவர். குழந்தையைத் தூங்க வைக்கும் பதில். கடைசியில் ஹாலும் அதே கேள்வியைக் கேட்கிறது. இப்போது அவர் தெரியாது என்கிறார். ஒரு விஞ்ஞானி பூமியிலிருந்து வியாழன்வரை போய்க் கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒரு சொல்லைத்தான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் பல கேள்விகளோடு வந்தபோது பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னார்கள். ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்ட நிகழ்ச்சியில் மலக்குகளும், நீ கற்றுத் தந்ததைத் தவிர வேறு அறிவு எங்களுக்கில்லை என்ற கருத்திலேயே பதில் சொன்னார்கள். இன்று என் வகுப்புப் பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது. தெரியாது என்று அது தானாகச் சொல்லிக் கேட்டது அபூர்வம்.

சென்ற தவணையில் தரம் பத்துக்கு இந்தக் கதையைச் சொன்னேன். படம் காட்ட வசதியில்லை, வாயால்தான். ஹால் பாவம் என்றார்கள் சிலர். நாலு பேரைக் கொன்றது எப்படிப் பாவமாகும் என்றார்கள் வேறு சிலர். பின்வரிசையில் எப்போதும் பேசாதிருக்கும் ஒரு பிள்ளை, தாய் கொழுந்து மலையில் வேலை செய்பவள், கையை உயர்த்தினாள்.

"சேர், அந்த ஓடர் குடுத்தவங்க படத்துல வருவாங்களா?"

இல்லை என்றேன். அந்தக் கட்டளையை எழுதியவர்களின் முகம் படத்தில் எங்கும் இல்லை. அந்த அலுவலகத்தின் பெயர் மட்டும் ஒரு வசனத்தில் வரும்.

"அப்ப அவங்க இன்னும் வேலையில இருக்காங்களா சேர்?"